விமானத்தை வீழ்த்திய மாவு டப்பா

விமானம் விழுந்த மறுநாளே எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதுவரை நான் ஏரோநாட்டிகல் மூன்றாம் வருடத்தில் நான்கு பாடம் பாக்கி வைத்திருந்த பீமராவ். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது நிபுணர்.

எங்கள் கல்லூரியில் விமானம் கிடையாது. வரவேற்பறையில் ஒரு பழைய இன்ஜின் இருக்கிறது. உள்ளே இருந்ததையெல்லாம் யாரோ கழற்றி எடுத்துக்கொண்ட பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. அட்மிஷனுக்கு வரும் பெற்றோர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மூன்று வருடத்தில் நான் விமானத்துக்குப் பக்கத்தில் போனது அவ்வளவுதான். ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதியில் இது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை.

"ஏண்டா பீமா, நீ விமானம்தானே படிக்கறே? எதனாலடா விழுந்தது?" என்று வழிமறித்தார் எதிர்வீட்டு வேங்கடவரதன் மாமா.

"இன்னும் கறுப்புப் பெட்டியே கிடைக்கல மாமா."

"பெட்டி கிடக்கறது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல கிளம்பியிருக்கான். ராகு காலம். பெருமாளைச் சேவிச்சுட்டுக் கிளம்பறவாளுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு வை. பைலட் சேவிச்சானா, யாரு கண்டா?"

"அதே நேரத்துல சென்னையிலேருந்து ஏழெட்டு விமானம் கிளம்பியிருக்கு மாமா. எல்லாம் போய் இறங்கிடுத்து."

"அது அவா அவா பூர்வ கர்மா," என்று மாமா பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். விவாதம் முடிந்தது. நான் தோற்றிருந்தேன்.

திருச்சியிலிருந்து ஷார்ஜா போன விமானம். அரபிக்கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. இவ்வளவுதான் தெரிந்தது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. டீக்கடையில் பைலட் தூங்கிவிட்டான். சலூனில் பறவை மோதியது. உறையூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் டயரில் காற்று குறைவு என்றார். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் பெட்ரோலில் கலப்படம் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். டிவியில் நான்கு கட்டம் போட்டு நான்கு பேர். அதில் ஒருவர் போன வாரம் தங்கம் விலை ஏன் ஏறியது என்று சொன்னவர். இந்த வாரம் விமானம் ஏன் இறங்கியது என்று சொன்னார்.

கல்லூரி வாசலில் ஒரு யூடியூப் சேனல்காரர் என்னிடம் மைக்கை நீட்டினார். "டெக்னிக்கலா என்ன காரணம்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோது எனக்கு அலுத்துவிட்டது. முகத்தில் எதையும் காட்டாமல், "புவியீர்ப்பு விசைங்க. இறக்கை தூக்குறத நிறுத்தினா அது இழுத்துரும். இதப் பத்தி மட்டும் யாரும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க" என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "ரொம்ப நன்றி சார்" என்றார். சாயங்காலம் என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'மறைக்கப்படும் புவியீர்ப்பு விசை! திருச்சி மாணவர் உடைத்த ரகசியம்!' என்று வந்தது. அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை எங்கள் கல்லூரியில் இதுவரை படித்தவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். கமெண்டில் ஒருவர், புவியீர்ப்பு விசைக்குப் பின்னால் இருப்பது யார் என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் சிரித்தேன். பிறகு அதுவும் தீர்ந்துபோனது. காரணம் கேட்பவர்கள் மட்டும் தீரவில்லை.

ஹாலித் என் வகுப்புத்தான். வீடு பாலக்கரைப் பக்கம். விமானத்தில் போன கலீம் அண்ணன் அவன் தெருக்காரர். ஏசி மெக்கானிக். லீவு முடிந்து ஷார்ஜா திரும்பிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலேயே பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடந்தது. நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கேயும் இரண்டு பேர் வந்து காரணம் கேட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஹாலித் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை.

"எங்கம்மா சரியா சாப்பிட மாட்டேங்குது. நீ வந்து சொல்லுடா."

"என்ன சொல்றது?"

"ஃபிளைட் எங்கம்மாவால விழலன்னு சொல்லு."

இவனும் புவியீர்ப்பு போல ஏதோ தயாரித்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் டீயில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஹாலித்தின் அண்ணன் ஆரிஃபும் ஷார்ஜாவில் இருக்கிறான். அந்தத் தெருவில் யார் வெளிநாட்டுக்குச் சபர் கிளம்பினாலும் நாலு வீட்டுச் சாமான் அவர் பெட்டியில் ஏறும். வஹீதா அம்மா கலீம் அண்ணனிடம் ஒரு டப்பா கொடுத்தார். வறுத்த அரிசி மாவு, மகன் இடியாப்பம் பிழிந்து சாப்பிட. ஆரிஃப் போன லீவில் வந்தபோது ஒரு பவர் பேங்கை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதையும் அனுப்பிவிடலாம் என்று அம்மா நினைத்தார். வழியில் அடிபடக் கூடாதே என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி மாவுக்கு நடுவில் புதைத்தார். கலீம் அண்ணனிடம் மாவு என்றுதான் சொன்னார். சொல்லாமல் விட்டதில் ஒரு திட்டமும் இல்லை. மாவுக்குள் இருப்பதும் மாவுக் கணக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

"டிவில ஒருத்தர் பெட்டிக்குள்ள இருந்த பேட்டரி தீப்பிடிச்சிருக்கலாம்னு சொன்னாருல்ல? அன்னிக்குத் தையல் மிஷினை நிறுத்தினதுதான். கலீம் அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவெச்சே படுக்கல. அவரு சம்சாரம் கமர் ஜஹான் அக்கா மூஞ்சிய எப்படிப் பாக்குறதுங்குது."

"ஏர்போர்ட்ல வெயிட் கூடிருச்சுன்னு டப்பாவ இறக்கியிருக்கலாமேடா?"

"அதையும் சொல்லிட்டேன். அதுக்கு ஒரு முறை இருக்குடா. வெயிட் கூடினா நம்ம சாமானத்தான் இறக்கணும். அடுத்தவங்க குடுத்தது அமானிதம், நம்பி ஒப்படைச்சது. அதத் தொடக் கூடாது. வேற வழியே இல்லாம இறக்கினா அன்னிக்கே அந்த வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துச் சொல்லிரணும். டப்பா திரும்பி வரல. அப்ப ஏறிருச்சுன்னுதானே அர்த்தம்?"

அன்று சாயங்காலம் போனேன். முன்னறையில் தையல் மிஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் வெட்டிய ஜாக்கெட் துணிகள் அப்படியே குவிந்து கிடந்தன. வஹீதா அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் வாழ்க்கையில் எனக்காக எழுந்து நின்ற முதல் ஆள்.

"யூடியூப்ல வந்த தம்பிதானே? உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லணும். பேட்டரி தானா தீப்பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கலாம்மா. ஆனா..."

ஹாலித் என் காலை மிதித்தான்.

"உப்பியிருந்தா?"

"உப்பியிருந்துச்சா?"

"லேசா. பூரி மாதிரியெல்லாம் இல்ல. தோசை நடுவுல எழும்பும் பாருங்க, அந்த மாதிரி."

நான் முதல்முறையாக என் படிப்பை மதித்துப் பேசினேன். பெரிய விமானம் என்றேன், சரக்கு அறையில் தீயைக் கண்டுபிடிக்கவும் அணைக்கவும் ஏற்பாடு உண்டு என்றேன், தீப்பிடித்தால் பைலட் சொல்லியிருப்பார், அப்படி எதுவும் இதுவரை வெளியே வரவில்லை என்றேன். வஹீதா அம்மா பாடம் கேட்பதுபோலக் கேட்டார். எங்கள் வகுப்பில் அப்படி யாரும் கேட்டதில்லை.

"சரி தம்பி. அதனால இல்லவே இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"இல்லவே இல்லன்னு சொல்ல முடியாதும்மா. அதே மாதிரி அதுதான்னும்..."

அவர் முதல் பாதியோடு எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வாங்க போவோம்."

"எங்கம்மா?" என்றான் ஹாலித்.

"கமர் வீட்டுக்கு. நான் மட்டும் போய்ச் சொன்னா, போங்கக்கா பைத்தியம்னு கண்ணத் தொடச்சு அனுப்பிருவா. தம்பி படிச்ச புள்ள. எப்படித் தீப்பிடிக்கும்னு இப்ப எனக்குச் சொன்ன மாதிரி அவளுக்கும் வெளக்கிச் சொல்லட்டும்."

"அம்மா, கேஸாயிரும்மா. அண்ணனுக்கும் பிரச்சினை வரும்."

"ஆகட்டும். எத்தனை நாளைக்கு அவ எனக்கு ஸலாம் சொல்லி அனுப்புறதும் நான் பதில் சொல்லாம படுத்துக் கெடக்குறதும்?"

மகன் என்னை விடுதலை வாங்கித் தரக் கூட்டி வந்தான். அம்மா என்னைக் குற்றத்தை நிரூபிக்கக் கூட்டிப் போனார். கட்சி மாறியதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஹாலித் தெரு முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். "பிடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா செத்தா போயிருவே? மூணு வருஷமா வாயத் திறந்தா பொய்யி. இன்னிக்குப் பாத்து அரிச்சந்திரன் ஆயிட்டே."

கலீம் அண்ணன் வீட்டு முன்னறையில் அவருடைய மூத்த அண்ணன் கியாசுதீன் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, தலையாட்டி அனுப்புகிற வேலை அவருடையது. கழுத்து அசையும்போது அந்த அலுப்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க. நீங்களும் ஒரு காரணம் கொண்டாந்திருக்கீங்களா? பரவால்ல, சொல்லுங்க. வர்றவங்க எல்லாரும் ஒண்ணு குடுத்துட்டுத்தான் போறாங்க. காலைல வந்தவரு ரெக்கை பழசுன்னு சொன்னாரு."

கமர் ஜஹான் அக்கா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பிறகு அந்தக் காலம் முடியும்வரை வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார், வாசற்படி தாண்ட மாட்டார். வஹீதா அம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். நாங்கள் மூவரும் இந்தப் பக்கம். திரை மெல்லிய துணி. உள்ளே பேசுவது பக்கத்து நாற்காலியில் பேசுவதுபோலக் கேட்டது.

"கமரு, நான் ஒண்ணு சொல்லணும்டி," என்றார் வஹீதா அம்மா. "கேட்டுட்டு நீ என்ன வேணாப் பண்ணு."

"சொல்லாதீங்கக்கா. எனக்குத் தெரியும், நீங்க ஏன் வரலன்னு." கமர் ஜஹான் அக்காவின் குரல் என் வயதுப் பெண்ணின் குரல் போல இருந்தது. "நானே வந்து உங்க கையப் பிடிச்சு மாப்புக் கேட்டிருக்கணும். இத்தால இருக்கேன், வர முடியல. ஸலாம் சொல்லி அனுப்பினேன், நீங்க பதில் சொல்லல. கோபம் இருக்கத்தானே செய்யும்."

"எனக்கு எதுக்குடி கோபம்?"

"உங்க டப்பா போகலக்கா."

ஹாலித் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வெயிட் கூடிருச்சு. உள்ளேருந்து அவங்க போன் பண்ணினாங்க. கியாசு மச்சான் வெளிய கண்ணாடிக்கிட்ட நின்னுட்டிருந்தாங்க. ஊறுகா பாட்டில இறக்கி மச்சான்கிட்டக் குடுக்கவான்னு கேட்டாங்க. எலுமிச்சங்கா ஊறுகாக்கா. அவங்களுக்குன்னு மாடில வெயில்ல வெச்சு வெச்சு எடுத்தது. நான்தான், அத இறக்காதீங்க, வஹீதாக்கா டப்பாவ இறக்குங்க, மாவுதானே, அக்காட்ட நான் சொல்லிக்கிறேன்னு சொன்னேன். அவங்க வேணாம்னாங்க. அமானிதம், தொடக் கூடாதுன்னாங்க. நான்தான் கேக்கல. கடைசியா அவங்ககிட்டப் பேசினதே அதுதான்." பேச்சு அழுகையாக மாறியது. "சாயங்காலம் கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நியூஸ் வந்துருச்சு. அமானிதத்துல கை வெச்சேன்ல, அதான் அல்லா எடுத்துக்கிட்டான். அவங்கள மட்டும் எடுத்தா பரவால்ல. அத்தனை பேரு. பச்சப் புள்ளைங்க."

கியாசுதீன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பரண்ல இருக்கு. நான்தான் வாங்கிட்டு வந்து போட்டேன். அதோட மறந்துட்டேன்."

ஆக, ஒரு வீட்டில் டப்பா ஏறியதால் விமானம் விழுந்திருந்தது. நாலு வீடு தள்ளி அதே டப்பா இறங்கியதால் விழுந்திருந்தது. மூன்று வாரம் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். மூன்று வாரமாக நான் கேட்ட எல்லாக் காரணங்களையும் விட இந்த இரண்டும் கனமாக இருந்தன. ஏனென்றால் மற்றவர்கள் எல்லாரும் அடுத்தவர்மேல்தான் பழி போட்டார்கள்.

எனக்கு ஒரு பயம் வந்தது. வஹீதா அம்மா இப்போது தப்பித்துவிட்டார். 'அப்பாடா' என்று ஒரு மூச்சு விட்டால் போதும். வெளியே எங்களுக்கே கேட்கும். ஹாலித் ஏற்கெனவே விட்டுவிட்டான்.

உள்ளேயிருந்து அந்த மூச்சு வரவில்லை. "கியாசு தம்பி, அந்த டப்பாவ எடுத்துக் குடுங்க," என்றார் வஹீதா அம்மா.

கியாசுதீன் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். எவர்சில்வர் டப்பா. மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. திரைக்கு அடியில் அதைத் தள்ளினார். மூடி திறக்கிற சத்தம், பிறகு மாவைக் கிளறுகிற சத்தம்.

"இது என்னன்னு பாரு."

"என்னக்கா இது, மாவுக்குள்ள?"

"பேட்டரி. நான்தான் வெச்சேன். உன் புருஷன்கிட்டக்கூடச் சொல்லல. எப்படி உப்பியிருக்கு பாரு. இப்பப் பூரி மாதிரியே ஆயிருச்சு. இது தீப்பிடிச்சுத்தான் விழுந்துச்சுன்னு சொல்ல வந்தேன்டி நான். நான்தான் உன் புருஷனக் கொன்னேன்னு சொல்ல வந்தேன். சாட்சிக்கு ஒரு தம்பியக்கூடக் கூட்டி வந்திருக்கேன். நீ இறக்கினது இதத்தான். இத இறக்கினதுக்கு அல்லா ஒன்னத் தண்டிப்பானா? என் தலைமேல விழ வேண்டியத நீ இறக்கி வெச்சிருக்கேடி."

"அப்ப ஊறுகா..."

"ஊறுகா போய் ஃபிளைட்டத் தள்ளிவிடுமா? கிறுக்கு மாதிரிப் பேசாத."

அழுகைக்கு நடுவில் வேறு ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கைச் சிந்தியதாகவும் இருக்கலாம்.

"அப்ப எதனாலக்கா விழுந்துச்சு?"

"தம்பி," என்றார் வஹீதா அம்மா திரைக்குப் பின்னாலிருந்து. "நீங்க சொல்லுங்க. எதனால?"

கியாசுதீன் என்னைப் பார்த்தார். ஹாலித் பார்த்தான். திரையும் பார்ப்பதுபோல இருந்தது. பறவை, பெட்ரோல், தூக்கம், டயர், ராகு காலம், புவியீர்ப்பு எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அந்த நிமிடம் எதைச் சொல்லியிருந்தாலும் அந்த அக்கா எடுத்துக்கொண்டிருப்பார்.

"தெரியலைங்க," என்றேன்.

"யாருக்குமேவா?"

"இப்போதைக்கு யாருக்குமே தெரியாதுக்கா. பெட்டிய இப்பத்தான் கடல்லேருந்து எடுத்திருக்காங்க. அதப் படிச்சுப் பாத்து முழு ரிப்போர்ட் வர ஒரு வருஷம் ஆகும். இன்னும்கூட ஆகலாம். அதுல இருக்குறதத்தான் நம்பணும். அதுவரைக்கும் யார் வந்து என்ன சொன்னாலும், அவங்களுக்கும் தெரியாது."

கியாசுதீன் சுவரில் சாய்ந்துகொண்டார். "இத மொத நாளே ஒருத்தரு சொல்லியிருந்தா டீத்தூளாவது மிஞ்சியிருக்கும்," என்றார்.

உள்ளே வஹீதா அம்மா கேட்டார்: "சாப்பிட்டியாடி?"

"எங்கக்கா இறங்குது. நீங்க?"

"எனக்கும் இல்ல. சோறு இருக்கா?"

தட்டு வைக்கிற சத்தம். பாட்டில் மூடி திருகுகிற சத்தம். எலுமிச்சங்காய் ஊறுகாய் வாசனை திரையைத் தாண்டி வந்தது. விமானத்தில் போனது பாதிதான் போலிருக்கிறது.

பவர் பேங்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். இதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. குத்தக் கூடாது, நசுக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. மணலுக்குள் வைத்து, இன்று எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்துவிட்டு, நாளைக்குக் கல்லூரி லேபில் ஒப்படைத்துவிடலாம் என்றேன். எதிர் வீட்டில் கட்டட வேலை நடந்தது, மணல் கிடைத்தது. கமர் ஜஹான் அக்கா ஒரு மண்சட்டியைக் கொடுத்தனுப்பினார். மணல் சிந்தக் கூடாது என்று வஹீதா அம்மா ஹாலித்தை ஓடவிட்டு, வீட்டிலிருந்து வெள்ளை லைனிங் துணி கொண்டுவரச் சொல்லி, சட்டியின் வாயைத் தாமே இறுக்கிக் கட்டினார். தையல்காரர் முடிச்சு. அவிழாது.

பஸ்ஸில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டுவதற்குள் கை வலித்தது. காவிரிப் பாலத்தில் ஏறியபோது எதிரே வந்த அம்மாள் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக நின்று கும்பிட்டார். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. பைக்கில் வந்த ஒருவர் ஹாரன் அடிக்க வந்த கையை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்சட்டி, வாயில் வெள்ளைத் துணி, பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா மண்டபம் படித்துறை. நான் அஸ்தி கரைக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது.

"அம்மா மண்டபமா தம்பி? ஏறுங்க. காசு வேணாம்."

"இல்லைங்க. நடந்தே போயிடுறேன்."

ஆட்டோக்காரர் சட்டியைப் பார்த்தார். "யாரு?"

"தெரிஞ்சவரு."

"வயசானவரா?"

"இல்லைங்க. சின்ன வயசுதான்."

"அட பாவமே. எதனால?"

சட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"தெரியலைங்க," என்றேன்.

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோதும், பாலம் முடிகிறவரை என்னோடு நடை வேகத்திலேயே ஆட்டோவை ஓட்டி வந்தார்.